மடங்கும் லேப்டாப்பா, கழலும் லேப்டாப்பா: எதை வைத்து முடிவு செய்வது?

இரண்டு லேப்டாப்களில் ஒன்றை வாங்கலாம் என்ற அளவுக்கு வந்தாயிற்று. இரண்டிலும் தொடுதிரை இருக்கிறது, இரண்டிலும் பேனாவால் எழுதலாம், இரண்டிலும் 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. ஒன்றின் திரை பின்பக்கமாக முழுவதும் மடங்கி டேப்லெட் ஆகிறது. இன்னொன்றில் கீபோர்டு தனியாகக் கழன்று வருகிறது. விவரப் பட்டியல்களை அருகருகே வைத்துப் படித்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரு மாதம் பயன்படுத்திய பிறகு இரண்டும் முற்றிலும் வேறு பொருள்கள் என்று தெரியும். அதற்குள் வாங்கியாகி இருக்கும்.

வாங்குவதற்கு முன்பே அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள முடியும். அதற்கு பிராசசர் பெயரையோ திரையின் தரத்தையோ முதலில் பார்க்க வேண்டியதில்லை. கணினியின் மூளையும் பேட்டரியும் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கின்றன என்று பார்த்தால் போதும். மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

## முதலில் பெயர்கள்

கன்வெர்டிபிள், டூ-இன்-ஒன், ஹைப்ரிட் என்று பல பெயர்கள் புழங்குகின்றன. தயாரிப்பு நிறுவனங்கள் இவற்றை ஒரே அர்த்தத்தில் பயன்படுத்துவதில்லை. அதனால் பெயரை விட்டுவிட்டு அமைப்பைப் பார்ப்போம். கீழே கன்வெர்டிபிள் என்று வரும் இடங்களில் இரு வகைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. மடங்கும் வகை: கீபோர்டும் திரையும் கீல்களால் நிரந்தரமாக இணைந்திருக்கும். திரையை 360 டிகிரி சுற்றி கீபோர்டின் முதுகோடு ஒட்ட வைக்கலாம். லெனோவோ யோகா 13 இந்த வடிவத்தைப் பிரபலமாக்கியது. ஹெச்பியின் ஸ்பெக்டர் எக்ஸ்360 போன்றவை அதன் பின் வந்தன.

2. கழலும் வகை: இது அடிப்படையில் ஒரு டேப்லெட். காந்தத்தால் ஒட்டும் மெல்லிய கீபோர்டு, பின்னால் மடித்து விரிக்கும் ஒரு தாங்குகால், அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் இதற்கு முன்னோடி.

இரண்டும் 2012இல் சந்தைக்கு வந்தவை. அந்த ஆண்டு அக்டோபர் 26 அன்று விண்டோஸ் 8 வெளியானது. விரலால் தொட்டு இயக்குவதற்கென்று மாற்றியமைக்கப்பட்ட அந்த விண்டோஸுக்கு ஏற்ற உடம்பு எது என்ற கேள்விக்கு, இரு நிறுவனங்கள் இரு வேறு விடைகள் சொல்லின. அந்த இரண்டு விடைகளுக்கு நடுவேதான் நாம் இன்னும் தேர்வு செய்துகொண்டிருக்கிறோம்.

பெயரை நம்பக் கூடாது என்பதற்கு இரண்டு உதாரணங்கள். டெல்லின் எக்ஸ்பிஎஸ் 13 டூ-இன்-ஒன் 2017இல் வந்தபோது மடங்கும் வகை. அதே பெயரில் 2022இல் வந்தது கழலும் வகை. லெனோவோவின் யோகா குடும்பத்திலும் 'யோகா ஸ்லிம்' என்று வருபவை சாதாரண லேப்டாப்கள். அவை பின்னால் மடங்காது. பழைய மதிப்புரையைப் படித்துவிட்டு அதே பெயரில் புதிய மாடலை ஆர்டர் செய்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மாடல் எண்ணையும் வெளியான ஆண்டையும் கட்டாயம் ஒத்துப் பாருங்கள்.

இந்த இரண்டிலும் சேராத வடிவங்களும் வந்ததுண்டு. 2015இல் வந்த சர்ஃபேஸ் புக்கில் திரை கழலும், ஆனால் கீபோர்டுக்கு அடியிலும் பேட்டரி உண்டு. 2021இல் வந்த சர்ஃபேஸ் லேப்டாப் ஸ்டூடியோவில் திரையை முன்னால் இழுத்துச் சாய்த்துக்கொள்ளலாம். இவை விதிவிலக்குகள் என்பதால் இத்தோடு விடுவோம்.

## மூளை எந்தப் பக்கம்?

மடங்கும் லேப்டாப்பில் மதர்போர்டு, பேட்டரி, விசிறி, ஸ்பீக்கர் எல்லாம் கீபோர்டுக்கு அடியில் இருக்கின்றன. திரைப் பகுதி வெறும் மெல்லிய மூடி. கழலும் லேப்டாப்பில் இவை அத்தனையும் திரைக்குப் பின்னால் இருக்கின்றன. கீபோர்டு கிட்டத்தட்ட ஒரு நோட்டின் அட்டை மாதிரி.

இதிலிருந்து வரும் விளைவுகளை வரிசையாகப் பார்த்தால்:

1. அடிப்பகுதி கனமாக இருப்பதால் மடங்கும் வகை தன் காலிலேயே நிற்கும். கழலும் வகையில் கனம் மேலே இருப்பதால் பின்னால் ஒரு தாங்குகால் வேண்டும்.

2. டேப்லெட்டாக மாற்றும்போது மடங்கும் வகையில் எதுவும் குறையாது. முழு எடையையும் தூக்கியாக வேண்டும். கழலும் வகையில் கீபோர்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.

3. கீபோர்டுக்கு அடியில் இடம் நிறைய. பெரிய பேட்டரி, பெரிய விசிறி, கூடுதல் போர்ட்டுகள் அங்கே அடங்கும். திரைக்குப் பின்னால் இருப்பதோ ஒரு செ.மீ.க்கும் குறைவான தடிமன். அதற்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும்.

4. ஒன்றில் சூடு உங்கள் மடியில் வரும், மற்றொன்றில் நீங்கள் பிடித்திருக்கும் கையில் வரும்.

விவரப் பட்டியலில் இந்த நான்கில் ஒன்றுகூட நேரடியாகத் தெரியாது. எடையைப் பட்டியலில் போட்டிருப்பார்கள், ஆனால் அந்த எடை எங்கே இருக்கிறது என்று போட மாட்டார்கள்.

## மடியிலும் கையிலும்

கழலும் லேப்டாப்பை மடியில் வைத்து டைப் செய்வதைக் கொஞ்சம் நெருக்கமாகப் பார்ப்போம். கீபோர்டின் ஆழம் சுமார் 22 செ.மீ. அதற்குப் பின்னால் தாங்குகாலுக்கு இன்னும் ஏறக்குறைய 10 செ.மீ. வேண்டும். ஆக, முழங்காலிலிருந்து வயிறு வரை உள்ள இடம் முழுவதையும் அது எடுத்துக்கொள்ளும். தாங்குகாலின் மெல்லிய விளிம்பு முழங்காலுக்குச் சற்று மேலே தொடையில் பதியும். காலைக் கொஞ்சம் நகர்த்தினால் விளிம்பு சறுக்கும், திரை பின்னால் சாயும், ஒரு கை தானாகத் திரையைப் பிடிக்கப் போகும். கால் மேல் கால் போட்டு உட்காரும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். கீபோர்டின் மேல் விளிம்பு காந்தத்தால் திரையோடு ஒட்டி, சற்றே சரிவாக நிற்பதால் டைப் செய்யும்போது நடுவில் லேசாக அமுங்கவும் செய்யும். மேசையில் வைத்தால் இந்தப் பிரச்சினைகள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

மடங்கும் வகைக்கு மடி ஒரு பொருட்டே இல்லை. சாதாரண லேப்டாப் மாதிரியே உட்காரும்.

இப்போது கைக்கு வருவோம். 13 இன்ச் அளவில் கழலும் லேப்டாப்பின் டேப்லெட் பகுதி மட்டும் சுமார் 900 கிராம். 14 இன்ச் மடங்கும் லேப்டாப் பெரும்பாலும் 1.3 முதல் 1.6 கிலோ வரை. எண்ணாகப் பார்த்தால் அரை கிலோ வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் நின்றுகொண்டு இடது கையால் பிடித்து வலது கையால் எழுதும்போது அந்த அரை கிலோ பத்தாவது நிமிஷத்தில் மணிக்கட்டில் தெரியும். நோயாளிகளைச் சுற்றிப் பார்க்கும் மருத்துவர், கட்டுமானத் தளத்தில் வரைபடத்தோடு நடக்கும் பொறியாளர், கிடங்கில் சரக்கு எண்ணுகிறவர் ஆகியோருக்கு மடங்கும் வகை சரிப்படாது என்றே சொல்வேன். 900 கிராமும்கூட லேசு என்று சொல்ல முடியாது. படுத்துக்கொண்டு புத்தகம் படிக்க இரண்டுமே கனம்தான்.

மடக்கிய லேப்டாப்பைக் கையில் பிடிக்கும்போது இன்னொன்றும் உண்டு: விரல்களுக்கு அடியில் கீபோர்டின் கட்டைகள் அகப்படும். திரை 180 டிகிரிக்கு மேல் திரும்பியதுமே உள்ளே உள்ள சென்சார்கள் கீபோர்டைச் செயலிழக்கச் செய்துவிடும், அதனால் எழுத்து எதுவும் தப்பாகப் பதியாது. ஆனாலும் தொடு உணர்வு உறுத்தும். லெனோவோ 2013இல் திங்க்பேட் யோகாவில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு செய்தது. திரையை மடக்க மடக்க, கட்டைகளைச் சுற்றியுள்ள சட்டம் மேலே எழும்பி, கட்டைகள் அசையாமல் பூட்டிக்கொள்ளும். இந்த உறுத்தல் உண்மையானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

## சூடும் வேகமும்

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

பிராசசரின் வேகம் அதன் பெயரில் மட்டும் இல்லை. அது எவ்வளவு மின்சாரத்தை எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்படுகிறது, அதனால் வரும் சூட்டை எவ்வளவு சீக்கிரம் வெளியேற்ற முடிகிறது என்பதில் இருக்கிறது. 15 வாட் வகை பிராசசர் ஒன்று சில விநாடிகளுக்கு 25, 30 வாட் வரை எடுத்துக்கொண்டு பாயும். சூடு ஏறியதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதைத்தான் த்ராட்லிங் என்கிறார்கள். இது பழுது இல்லை, பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை.

ஆகவே ஒரே பிராசசர் இரண்டு உடம்புகளில் இரண்டு விதமாக ஓடும். பிரவுசர் திறப்பது, ஒரு கோப்பைத் திறப்பது போன்ற குறுகிய வேலைகளில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். இருபது நிமிஷம் வீடியோவை ஏற்றுமதி செய்யும்போதோ பெரிய நிரலைக் கம்பைல் செய்யும்போதோதான் வித்தியாசம் வெளிவரும். சர்ஃபேஸ் புரோ வரிசையில் 2017 முதல் சில ஆண்டுகள் ஐ5 மாடல்களில் விசிறியே கிடையாது. சத்தமே இல்லாமல் இருக்கும், அது பெரிய சுகம்தான். ஆனால் சூட்டை உலோக உடம்பின் வழியாக மட்டுமே வெளியேற்ற வேண்டியிருந்ததால், நீண்ட வேலையில் வேகம் இறங்கியது.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு: கழலும் வகையில் ஒரு படி உயர்ந்த பிராசசருக்குக் கூடுதல் பணம் கொடுப்பது பல சமயம் வீண். அந்தப் பிராசசர் முழு வேகத்தில் ஓடும் அளவுக்கு உடம்பில் இடம் இருக்காது. அந்தப் பணத்தை ரேமுக்குக் கொடுங்கள். இந்த இரு வகைகளிலும் ரேம் பெரும்பாலும் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், பிறகு கூட்ட வழி இல்லை. 8 ஜிபியோடு வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான்.

## திரையின் அளவைவிட அதன் வடிவம்

திரையின் இன்ச் அளவு மூலைக்கு மூலை அளப்பது. அதனால் வடிவம் மாறும்போது அந்த எண் ஏமாற்றும். 13.3 இன்ச் 16:9 திரை ஏறக்குறைய 29.4 செ.மீ. அகலமும் 16.6 செ.மீ. உயரமும் கொண்டது. 13 இன்ச் 3:2 திரை 27.5 செ.மீ. அகலம், 18.3 செ.மீ. உயரம். எண்ணில் சிறியதாகத் தெரியும் இரண்டாவது திரைதான் பரப்பளவில் பெரியது.

டேப்லெட்டாக நிமிர்த்திப் பிடிக்கும்போது இது இன்னும் முக்கியம். ஏ4 தாளின் நீள அகல விகிதம் சுமார் 1.41. 3:2 திரையின் விகிதம் 1.5. 16:10 என்றால் 1.6. 16:9 என்றால் 1.78. கடைசியில் உள்ளதை நிமிர்த்திப் பிடித்தால் குறுகலாகவும் நெட்டையாகவும் இருக்கும். பிடிஎஃப் பக்கத்துக்கு மேலும் கீழும் வெற்றிடம் விட்டு, எழுத்தை மட்டும் சிறிதாக்கிக் காட்டும். மைக்ரோசாஃப்ட் 2014இல் சர்ஃபேஸ் புரோ 3இல் 16:9ஐ விட்டு 3:2க்கு மாறியது. அதன் பிறகே அது எழுதும் தாள் போல ஆனது என்பது என் கருத்து. மடங்கும் வகைகளில் இப்போது 16:10 பரவலாகிவிட்டது. 14 இன்ச் 16:10 திரை 30.2க்கு 18.8 செ.மீ., கிட்டத்தட்ட ஏ4 தாளின் அளவே. பழைய 16:9 மாடல் தள்ளுபடியில் கிடைக்கிறது என்றால், அதை டேப்லெட்டாகப் பயன்படுத்தும் எண்ணம் இருக்கிறதா என்று ஒருமுறை யோசியுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்றுதான். தொடுதிரைகள் பெரும்பாலும் பளபளப்பான கண்ணாடி. திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். 300 நிட்ஸ் வெளிச்சம் அறைக்குள் போதும், ஜன்னல் ஓரத்தில் உங்கள் முகம்தான் தெரியும். வெளியே எடுத்துப் போகிறவர்கள் 400க்குக் கீழே போக வேண்டாம்.

## பேனா: இங்கே அவசரப்படாதீர்கள்

கன்வெர்டிபிள் வாங்குகிறவர்களில் பலர் பேனாவுக்காகவே வாங்குகிறார்கள். ஆனால் பேனாவைப் பற்றித்தான் மிகக் குறைவாக விசாரிக்கிறார்கள்.

முதல் விஷயம், எல்லாப் பேனாவும் எல்லாத் திரையிலும் எழுதாது. பேனாவும் திரையும் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும். அந்த மொழிகள் பல:

1. மைக்ரோசாஃப்டின் எம்பிபி. என்-ட்ரிக் என்ற நிறுவனம் உருவாக்கிய நுட்பம், 2015இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. சர்ஃபேஸ் மட்டுமல்லாமல் வேறு பல லேப்டாப்களிலும் இருக்கிறது. பேனாவுக்குள் பேட்டரி வேண்டும்.

2. பேனாத் திரை நுட்பங்களைச் செய்யும் வேகாம் நிறுவனத்தின் ஏஇஎஸ். இதிலும் பேனாவுக்கு மின்சாரம் வேண்டும். அலுவலக வகை மடங்கும் லேப்டாப்களில் அதிகம்.

3. வேகாமின் இஎம்ஆர். திரைக்குப் பின்னால் உள்ள ஒரு தகடு மின்காந்த அலைகளை அனுப்பி, பேனாவுக்குத் தேவையான சக்தியை அதுவே தரும். பேனாவில் பேட்டரியே கிடையாது. சாம்சங்கின் எஸ் பென் இந்த வகை.

4. யூஎஸ்ஐ. 2015இல் தொடங்கிய பொதுத் தர முயற்சி. குரோம்புக்குகளில் காணலாம்.

ஒரே நிறுவனத்துக்குள்ளேயே மொழி மாறியிருக்கிறது. முதல் இரண்டு சர்ஃபேஸ் புரோக்களில் வேகாம் நுட்பம் இருந்தது. மூன்றாவதில் என்-ட்ரிக்குக்கு மாறியதும் பழைய பேனா புதிய திரையில் எழுதவில்லை. எம்பிபி, ஏஇஎஸ் இரண்டையும் பேசும் பேனாக்களும் கிடைக்கின்றன. ஆனாலும் உங்கள் மாடலின் பெயரைப் போட்டு உறுதி செய்துகொண்ட பிறகே வாங்குங்கள்.

இரண்டாவது, அழுத்த அளவுகள். '4096 அழுத்த நிலைகள்' என்பது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும். கையெழுத்துக்கு 1024 இருந்தாலே போதும், வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமம். அதைவிட முக்கியம், எவ்வளவு லேசான தொடுதலில் மை விழத் தொடங்குகிறது என்பது. சில பேனாக்களில் கொஞ்சம் அழுத்தினால்தான் கோடு ஆரம்பிக்கும். வேகமாக எழுதும்போது எழுத்தின் தொடக்கமும் புள்ளிகளும் விட்டுப்போகும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது உடனே தெரிந்துவிடும்: 'க்' எழுதி மேலே புள்ளி வைப்போம், பேனா அதைப் பதியாமல் விட்டுவிடும், 'பக்கம்' என்று எழுதியது 'பககம்' என்று நிற்கும்.

மூன்றாவது, கோட்டின் நடுக்கம். இதை நீங்களே சோதிக்கலாம். எழுதும் செயலியைத் திறந்து, ஓர் அடிஸ்கேலைத் திரையின் மேல் சாய்வாக வையுங்கள். அதன் ஓரமாகப் பேனாவை மிக மெதுவாக, ஐந்து ஆறு விநாடி எடுத்துக்கொண்டு இழுங்கள். அப்புறம் அதே கோட்டை வேகமாக ஒருமுறை இழுங்கள். வேகக் கோடு எந்தக் கருவியிலும் நேராகவே வரும். மெதுக் கோடு சில திரைகளில் சிற்றலை போல வளைந்து வளைந்து வரும். கண்ணாடிக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப்பட்ட சென்சார் கம்பிகளுக்கு இடையே பேனா போகும்போது, அதன் இடத்தைக் கருவி ஊகித்துக் கணக்கிட வேண்டியிருக்கிறது. அந்த ஊகத்தின் பிசகுதான் அந்த வளைவு. குறிப்பு எடுக்கிறவர்களுக்கு இது பெரிதாகத் தொந்தரவு தராது. படம் வரைகிறவர்கள் அந்த ஒரு கோட்டைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

சரி, இதில் இரு வகைகளுக்கு என்ன வித்தியாசம்? எழுதும்போது திரை அசையக் கூடாது. மடங்கும் வகையை லேப்டாப் நிலையில் வைத்துத் திரையில் எழுதினால் கீல் ஆடும், ஒவ்வொரு எழுத்துக்கும் திரை பின்னால் போய் வரும். முழுதாக மடக்கி மேசையில் படுக்க வைத்தால்தான் உறுதியாக நிற்கும். அப்போது தடிமன் ஒன்றரை செ.மீ. அளவுக்கு இருப்பதால் மணிக்கட்டு விளிம்பில் தொங்கும். கழலும் வகையில் தாங்குகாலைப் பின்னுக்கு முழுதாக விரித்தால் திரை மேசையிலிருந்து லேசாக எழும்பி, சாய்வான எழுதுபலகை போலக் கிடைக்கும். கையின் எடையைத் திரையில் தாராளமாகச் சாய்க்கலாம். பேனாவுக்கு அந்தக் கோணம்தான் மிகவும் பொருத்தம். தினமும் மணிக்கணக்கில் கையால் எழுதுகிறவர் என்றால், மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொண்டாவது கழலும் வகைக்குப் போகலாம்.

## பேட்டரியும் பழுதும்

பேட்டரியை 'இத்தனை மணி நேரம்' என்ற விளம்பரத்தால் அளக்காதீர்கள். அந்த எண் பெரும்பாலும் குறைந்த வெளிச்சத்தில் வீடியோ ஓடவிட்டு எடுத்தது. பேட்டரியில் எவ்வளவு மின்சக்தி அடங்கும் என்பதைச் சொல்லும் வாட் ஹவர் என்ற எண்ணைப் பாருங்கள். 13 இன்ச் கழலும் வகைகளில் 48 வாட் ஹவர் அளவில் இருக்கும். 14 இன்ச் மடங்கும் வகைகளில் 70ஐ ஒட்டிக் கிடைக்கும். உங்கள் வேலைக்குச் சராசரியாக 7 வாட் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், முதலாவது ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் இரண்டாவது பத்து மணி நேரமும் வரும்.

அப்புறம் வயது. லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் கொள்ளளவை இழக்கத் தொடங்கும். மடங்கும் வகையில் பொதுவாக அடிமூடியின் திருகுகளைக் கழற்றினால் பேட்டரி கைக்கு வரும். கழலும் வகையில் அது திரைக்குப் பின்னால், பல மாடல்களில் பசையால் ஒட்டப்பட்டு இருக்கும். அதை எடுக்க முதலில் கண்ணாடித் திரையைச் சூடுகாட்டிப் பிரிக்க வேண்டும். பழுது பார்க்கும் வசதிக்கு மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட், 2017 சர்ஃபேஸ் புரோவுக்குப் பத்துக்கு ஒன்று கொடுத்தது. 2019இல் வந்த சர்ஃபேஸ் புரோ எக்ஸில் எஸ்எஸ்டியைச் சிறு கதவு ஒன்றைத் திறந்து மாற்றலாம் என்று ஆனது, மதிப்பெண் ஆறுக்கு உயர்ந்தது. நிலைமை மாறுகிறது, ஆனால் மாடலுக்கு மாடல் வேறுபடுகிறது. ஐந்து வருஷம் வைத்திருக்க நினைக்கிறவர்கள் இதை முன்கூட்டியே தேடிப் பார்க்க வேண்டும்.

மடங்கும் வகைக்கும் ஒரு பலவீனம் உண்டு: கீல். திரைக்குப் போகும் மெல்லிய கேபிள் அந்தக் கீலின் வழியே போகிறது. மடக்கும் ஒவ்வொரு முறையும் அது வளைகிறது. திரையின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்து மடக்கும் பழக்கம் கீலை ஒருபக்கமாக முறுக்கும். நடுவில் பிடித்து மடக்குவது நல்லது. கழலும் வகையில் அந்தத் தேய்மானம் கீபோர்டுக்குப் போகிறது. கீபோர்டு கெட்டால் இன்னொன்று வாங்கி ஒட்டிக்கொள்ளலாம், கணினியைத் திறக்க வேண்டியதில்லை.

## பிராசசரின் வகை

2024 முதல் கழலும் வகைகளில் ஸ்னாப்டிராகன் எக்ஸ் பிராசசர்கள் வரத் தொடங்கின. இவை ஆர்ம் வகை. இன்டெல், ஏஎம்டி பிராசசர்களுக்காக எழுதிய மென்பொருளை இவை மொழிபெயர்த்துத்தான் ஓட்டுகின்றன. 2012இல் வந்த சர்ஃபேஸ் ஆர்டியில் பழைய டெஸ்க்டாப் மென்பொருள்களை நிறுவவே முடியாது. அதோடு ஒப்பிட்டால் இன்றைய மொழிபெயர்ப்பு மிகவும் முன்னேறியது, பெரும்பாலான மென்பொருள்கள் ஓடும். சூடு குறைவு, பேட்டரி நீடிக்கும் என்பதால் மெல்லிய உடம்புக்கு இந்தப் பிராசசர் பொருத்தமும்கூட.

ஆனால் டிரைவர்களை, அதாவது வெளிக் கருவிகளைக் கணினியோடு பேச வைக்கும் சிறு மென்பொருள்களை, இப்படி மொழிபெயர்க்க முடியாது. பழைய பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி, கையெழுத்துக்கான டிஜிட்டல் டோக்கன், அலுவலக விபிஎன் ஆகியவற்றுக்கு ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கருவி வேலை செய்யாது. உங்கள் மேசையில் உள்ள கருவிகளின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்காமல் ஆர்ம் வாங்க வேண்டாம்.

பழையதை வாங்குகிறவர்களுக்கு: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ அதிகாரபூர்வமாக ஏற்காத கன்வெர்டிபிளை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

## உங்கள் ஒரு வாரத்தை எண்ணிப் பாருங்கள்

இனி முடிவு. இப்போது வைத்திருக்கும் கணினியோடு ஒரு வாரம் எந்த நிலையில் எத்தனை மணி நேரம் போகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். மேசையில் டைப் செய்வது, மடியில் டைப் செய்வது, கையில் பிடித்துப் படிப்பது, கையால் எழுதுவது என்று நான்கு பத்திகள் போதும். ஆசைப்படுவதை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள்.

1. மடியில் டைப் செய்யும் நேரம் கணிசமாக இருந்தால் மடங்கும் வகை. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

2. கையால் எழுதுவதும் கையில் பிடித்திருப்பதும் சேர்ந்து பாதிக்கு மேல் என்றால் கழலும் வகை.

3. மேசையில் டைப் செய்வதுதான் பெரும்பகுதி, வீட்டிலும் அலுவலகத்திலும் வெளித்திரையோடு இணைத்து வேலை செய்கிறீர்கள் என்றால், கழலும் வகையின் பெரிய குறை உங்களைத் தொடாது. நல்ல தனிக் கீபோர்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. எதுவும் தெளிவாக முந்தவில்லை என்றால் மடங்கும் வகைக்குப் போங்கள். படிப்பதற்கு எப்போதாவது தனி டேப்லெட் சேர்த்துக்கொள்ளலாம். லேப்டாப்பாகவே ஒழுங்காக உட்காராத ஒன்றை நாளெல்லாம் சமாளிப்பது கடினம்.

5. உங்கள் தாளில் கடைசி இரண்டு பத்திகளும் கிட்டத்தட்டக் காலி என்றால் கன்வெர்டிபிளே வேண்டாம். அதே பணத்தில் சாதாரண லேப்டாப் இதைவிட வேகமாகவும் திறந்து பழுது பார்க்க எளிதாகவும் கிடைக்கும்.

விலையை ஒப்பிடும்போது கழலும் வகைக்குக் கீபோர்டின் விலையையும் பேனாவின் விலையையும் கூட்டிக்கொள்ளுங்கள். பல மாடல்களில் இவை இரண்டும் பெட்டியில் இருக்காது. கூட்டிய பிறகு மலிவாகத் தெரிந்தது மலிவாக இல்லாமல் போகலாம்.

## வாங்கும் இடத்தில் பத்து நிமிஷம்

1. நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்து, ஒரு முழுப் பத்தி டைப் செய்யுங்கள். நின்றபடி மேசையில் தட்டிப் பார்ப்பது எதையும் சொல்லாது.

2. திரையின் மேல் மூலையை விரலால் இரண்டு முறை தட்டுங்கள். எத்தனை விநாடியில் ஆட்டம் நிற்கிறது என்று எண்ணுங்கள். ஒரு விநாடிக்கு மேல் ஆடும் கீல் நாளாக ஆக இன்னும் தளரத்தான் செய்யும்.

3. டேப்லெட் நிலையில் ஒரு கையால் பிடித்து, ஐந்து நிமிஷம் நின்றபடி ஏதாவது படியுங்கள்.

4. அடிஸ்கேல் சோதனையைச் செய்யுங்கள். உள்ளங்கையைத் திரையில் பதித்து எழுதுங்கள், வேண்டாத கோடுகள் விழுகின்றனவா என்று பாருங்கள்.

5. யூஎஸ்பி-சி போர்ட்டுகள் எத்தனை, சார்ஜர் போட்ட பிறகு எத்தனை மிஞ்சும், அவற்றில் எது வெளித்திரைக்குப் படம் தரும் என்று கேளுங்கள். போர்ட்டின் வடிவம் ஒன்றுதான், வேலை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

6. திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நாட்களுக்குள் உங்கள் வழக்கமான வேலையிலேயே மிகக் கனமானதை அரை மணி நேரம் விடாமல் ஓட்டிவிட்டு, பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கையால் பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டால், அவகாசம் முடிவதற்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.